இரண்டாம் முறை கேட்பவன் ஏற வேண்டும்

மலைக்கு மரவேலைக்குப் புதிதாகப் போகும் தம்பிமாருக்கு,

மெஷின் வாளை எப்படிப் பிடிப்பது, சங்கிலிக்கு எப்போது எண்ணெய் விடுவது, இடுப்புப் பெல்ட்டை எங்கே மாட்டுவது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குப் பாதி தெரியாது. நான் ஏலமலையில் வேலை செய்த காலத்தில் எங்களிடம் கோடாரி, இரண்டு பேர் இழுக்கும் வாள், வெட்டுக்கத்தி, தேங்காய்நார் வடம், அவ்வளவுதான் இருந்தன. அவற்றை வைத்து நாங்கள் செய்ததை நீங்கள் இன்னும் சீக்கிரமாகச் செய்வீர்கள். சந்தோஷம். ஆனால் மரத்தடியில் அண்ணாந்து நின்று, இப்போதா, அப்புறமா, வேண்டவே வேண்டாமா என்று முடிவெடுப்பது இன்றைக்கும் மனுஷன்தான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் போதும் என்று தோன்றிவிட்டது. பஞ்சு மில், செங்கல் சூளை, லாரியில் கிளீனர் என்று சுற்றினேன். எந்த வேலையிலும் ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவே கால் நிற்காது. ஒரு நாள் போடியில் ஜீப்பு நிற்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மரக் கவாத்துக்குப் போகும் செட்டில் ஒரு ஆள் குறைகிறது என்றார்கள். கிளாசை வைத்துவிட்டு ஏறினேன். போடிமெட்டு வளைவுகளில் கூட வந்தவர்கள் வாந்தியெடுத்தார்கள். லாரியில் திரிந்த உடம்பு என்பதால் எனக்குப் பசித்தது. அந்த வேலையில் மட்டும் ஏனோ தங்கிவிட்டேன். செய்கிற வேலை ஒன்றே என்றாலும் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மாறிக்கொண்டே இருக்கலாம், அது எனக்கு ஒத்துக்கொண்டது. அட்டைக்கடி, ஈரச் சாக்கில் படுக்கை, மழையில் அணைந்துபோன அடுப்பு எல்லாம் உண்டு. எல்லோருக்கும் இருந்ததால் யாரும் அதைப் பேசுவதில்லை.

மரவேலை என்றால் வெட்டிச் சாய்ப்பது என்றுதான் கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஏலமலையில் நாங்கள் சாய்த்த மரங்களைவிடச் சாய்க்காமல் விட்டவைதான் அதிகம். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். முழு வெயிலில் கருகிவிடும், முழு இருட்டில் காய்க்காது. அதனால் மழைக்கு முன்னால் மரமேறி, வெளிச்சம் வேண்டிய பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிடுவோம். அதுதான் கவாத்து. பட்டுப்போன மரம், நோய் கண்ட மரம், ஆள் நடமாட்டத்தின் மேல் சாய்ந்த மரம் இவற்றை வெட்டலாம். ஆனால் வனத்துறை ஆள் வந்து பார்த்து, சுத்தியலால் முத்திரை அடித்த பிறகுதான்.

வெட்டுவதிலும் இரண்டு வகை. அடியில் வாய் வெட்டி மொத்தமாகச் சாய்ப்பது ஒன்று. தலையிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து வடத்தில் இறக்குவது இன்னொன்று. முதல் வகையில் ஒரு பகலில் சோலி முடிந்துவிடும். ஆனால் பெரிய மரம் தனியாக விழாது. பக்கத்து மரங்களின் கிளைகளை ஒடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் கன்றுகளை நசுக்கிக்கொண்டு விழும். மேலே வானம் திறந்துகொள்ளும். அந்த வழியாக வெயில் வரும், பின்னாலேயே மழை நேரே மண்ணில் இறங்கும், மண் ஓடைக்குப் போகும். சரியான மரத்தைச் சரியான பக்கம் சாய்த்தால் அதே வெளிச்சத்தில் புதுக் கன்றுகள் எழுந்து வருவதையும் பார்த்திருக்கிறேன். எந்த மரம், எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இனி, சொல்ல வந்த விஷயம்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மரத்தில் ஏறப்போகிறவன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மேஸ்திரி ஒரு முறை கேட்கலாம், "ஏறலாமா?" என்று. அவன் "ஏறல" என்றால் பேச்சு முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. ஊருக்குப் போய்ச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்போதுகூட அதைச் சொல்லிக் கிண்டல் செய்யக் கூடாது. மீறி யாராவது இரண்டாம் முறை கேட்டால், கேட்டவனே ஏற வேண்டும். ஒன்றும் பேசாமல் வடத்தைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. சோம்பேறிகளுக்கு வசதியான ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், நல்ல ஏறுகாரர்கள் எப்போதாவதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். சொல்லலாம் என்று இருந்ததாலேயே பல நாள் சொல்லாமல் ஏறினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் மேஸ்திரியாகிச் சில காலம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. ஆடி முடிந்து ஆவணி பிறந்தும் காற்று அடங்காத வருஷம். ஒரு பெரிய எஸ்டேட்டில் ஒடிந்த கிளைகளை எடுத்துக்கொண்டிருந்தோம். மத்தியானச் சோற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சுருளியப்பன் மழையில் ஓடிவந்தார்.

சுருளியப்பன் தேவாரத்துச் சம்சாரி. கீழே இருந்த கிணற்றுத் தோட்டத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, இந்த மலைத்துண்டை நம்பி மனைவி பேச்சியம்மாளோடு மேலே வந்தவர். யானை பயத்தில் கீழே பாதி வெள்ளாமை போகிறது, இங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. முந்தின வருஷம் காய் பிடிக்கவில்லை. அந்த வருஷம்தான் முதன்முதலாக நல்ல எடுப்பு.

"மேஸ்திரி, வெரசா வாங்க. அயினி ஸ்டோர் மேல சாயுது."

"எப்பருந்து?"

"காலையில தீ போடும்போது நேராத்தான் நின்னுச்சு. இப்ப வெளிய வந்து பாக்கேன், வானம் தெரியிற எடத்துல கெளை தெரியுது."

ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்தும் வீடு. வெளியே அடுப்பு, உள்ளே அதன் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். பச்சைக் காயைத் தட்டில் பரப்பிவிட்டால் சூடு குறையாமல் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அணைந்தால் பச்சை நிறம் போய்க் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடி மார்க்கெட்டில் யாரும் கையில் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். சுருளியப்பன் அந்த எடுப்பு மொத்தத்தையும் அன்று காலையில்தான் தட்டில் ஏற்றியிருந்தார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். ஸ்டோருக்கு மேல்பக்கச் சரிவில் நல்ல பருத்த அயினி, காட்டுப்பலா. மழையில் மண் இளகி, மரம் ஸ்டோரைப் பார்த்துக் குனிந்திருந்தது. மேட்டுப் பக்கம் வேரருகே மண் வாய் பிளந்திருந்தது. அந்த வெடிப்பில் என் கை முழங்கைவரை போனது. மரத்தின் தலையிலிருந்து தடித்த கொடிகள் மேட்டில் இருந்த மரங்களுக்கு ஓடின. அவைதான் அதைப் பிடித்து வைத்திருந்தன என்று சொல்ல வேண்டும். வேகமாகக் காற்று வரும்போது கொடிகள் விறைத்து முனகின.

அடியில் வாள் போட்டால் மரம் ஸ்டோரின் மேல்தான் விழும். மேட்டுப் பக்கம் இழுத்துச் சாய்க்க யானை வேண்டும். அந்தச் சேற்றில் யானையும் நிற்காது. செய்யக் கூடியது ஒன்றே ஒன்று. ஆள் மேலே ஏறி, ஸ்டோர் பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்து வடத்தில் இறக்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

எங்கள் செட்டில் ஏறுகாரன் வீரணன். என் வயதுதான். குள்ளமான ஆள், அதிகம் பேச மாட்டான். அவனைப் போல் மரமேறியவனை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவன் மரத்தைச் சுற்றி வந்தான். மேலே பார்த்தான். கொடியில் கை வைத்துப் பார்த்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ஏறலாமா?" என்றேன்.

"ஏறல" என்றான். போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

உங்களிடம் மறைப்பதற்கில்லை. என் கண்ணுக்கு அது ஏறக்கூடிய மரமாகத்தான் தெரிந்தது. இதைவிட மோசமான மரங்களில் அவன் ஏறி நான் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. செட்டில் மற்ற ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சுருளியப்பனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. "என்னப்பா, ஏறலன்னா எப்படி? கொஞ்சம் பாத்து ஏறுய்யா. எம் பொழப்பே உள்ள கெடக்கு" என்றார்.

அவ்வளவுதான். எங்களில் மூத்த ஆள் ஒருவர், அவரும் யோசிக்காமல், பழக்கத்தில் வடத்தை எடுத்துச் சுருளியப்பன் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் வடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன். வெளியாளுக்கு இது பொருந்தாது என்றும் சொன்னேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அந்த மனுஷன் வேட்டியை வரிந்து கட்டிவிட்டார்.

"எங்க அய்யா கூந்தப்பனையே ஏறுன ஆளு. குடுங்க கத்திய."

"அண்ணே, வேணாம்."

"வேணாமுன்னா காய யாரு காப்பாத்துவா? நீங்க ஏற மாட்டீக. நானாச்சும் ஏறுறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால் மரத்தைப் பார்த்து நடந்துவிட்டது. நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னைத் தள்ளினார். அப்போதுதான் அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். கையில் விறகுக்கட்டை, முகமெல்லாம் கரி.

"அங்க என்ன கூத்து நடக்கு?"

"மரம் ஏறப் போறேன்."

"மரமா? நேத்து ஏணியில ஏறி ஓடு மாத்தச் சொன்னதுக்குத் தலை சுத்துதுன்னீக."

எங்கள் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "அந்தா புகையுது பாருங்க. அங்கயும் ஸ்டோர் இருக்கு. மரம் ஏறத் துணிஞ்ச ஆளு, எங்கண்ணன் வீட்டுப் படி ஏற மாட்டீகளோ?"

சுருளியப்பன் முகம் இறுகிவிட்டது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் மரவேலைதான். ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டம் பேச்சியம்மாளின் அண்ணன் மாயாண்டியுடையது. சில வருஷங்களுக்கு முன்னால் அவர் தோட்டத்தில் பட்டுப்போன மரம் ஒன்றை வேறொரு செட்டு சாய்த்தது. மலைச்சரிவில் மரத்தை மேட்டுப் பக்கமோ குறுக்காகவோ சாய்க்க வேண்டும். அவர்கள் சீக்கிரம் முடியட்டும் என்று பள்ளத்தைப் பார்த்துச் சாய்த்துவிட்டார்கள். மரம் விழுந்து, சரிந்து, ஓடையைத் தாண்டி வந்து சுருளியப்பனின் ஏலச்செடிகளை வரிசையாக நசுக்கிவிட்டது. மாயாண்டி வந்து வருத்தம் சொல்லவில்லை, ஆட்கள் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்றிருக்கிறார். சுருளியப்பன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பேச்சியம்மாள் மட்டும் ஓடையில் துணி துவைக்கும்போது அண்ணியோடு பேசிக்கொள்வாள்.

"நான் அவன் வாசலுக்குப் போக மாட்டேன்" என்றார் சுருளியப்பன்.

இங்கேதான் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஏறு என்று வீரணனைக் கட்டாயப்படுத்த முடியாது. இவரை ஏறவிட முடியாது. காற்று அடங்கும்வரை காத்திருந்தால், மரம் விழாமல் போனால் சரி, விழுந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் ஸ்டோரின் மேல் விழும், உள்ளே இந்த அம்மா இருப்பாள். மரத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு மரத்தடியில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று எனக்குப் பட்டது.

"அண்ணே, மரம் எங்க சோலி. அத நாளைக்கோ நாளான்னைக்கோ பாத்துக்கிடுவோம். காய் ஒங்க சோலி. காய எங்க கொண்டுபோறதுன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க சொமக்குறோம்" என்றேன்.

அவர் ஸ்டோரைப் பார்த்தார். காற்று ஒரு முறை வந்து போனது, கொடிகள் முனகின. வடத்தைக் கீழே போட்டார்.

"நீங்களும் கூட வாங்க" என்றார்.

மாயாண்டி தன் ஸ்டோர் வாசலில் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். பெரிய மீசை, தலையில் சாக்குக் கொங்காணி. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. சுருளியப்பன் வாசலுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டார்.

"மேஸ்திரி, ஒங்ககூட வந்திருக்கவுகள எறவாணத்துக்கு உள்ள வரச் சொல்லுங்க. சளி பிடிக்கும்" என்றார் மாயாண்டி என்னிடம்.

"எனக்குச் சளி பிடிக்காதுன்னு சொல்லுங்க மேஸ்திரி" என்றார் சுருளியப்பன்.

"வந்த விசயத்த அவுகளச் சொல்லச் சொல்லுங்க."

"கேக்குறவருக்குக் காது கேக்குமான்னு கேளுங்க."

நான் நடுவில் நின்றுகொண்டு இதையெல்லாம் சுமக்கும் நிலையில் இல்லை. "அயினி ஸ்டோர் மேல சாயுது. காய எடுத்தாகணும். ஒங்க தட்டுல எடம் வேணும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

மாயாண்டி எழுந்தார். "எந்த அயினி? அடுப்புக்கு மேல நிக்கிறதா?"

"ஆமா."

"தங்கச்சி எங்க?"

"அடுப்புல."

அதற்குப் பிறகு எனக்கு இடையில் வேலை இல்லாமல் போனது. "ஏ மாப்ளே! பொம்பளைய மரத்துக்கடியில விட்டுட்டு இங்க வந்து வாசல்ல நின்னு பேச்சுப் பேசிக்கிட்டிருக்கியே, அறிவிருக்கா?" என்று கத்திக்கொண்டே கொங்காணியை எறிந்துவிட்டு ஓடையில் இறங்கி ஓடினார். "நீ மொதல்லயே எறங்கி வந்திருந்தா நான் ஏன் மச்சான் நிக்கிறேன்?" என்று இவரும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

சாய்ந்த மரத்தடியில் வேலை செய்வது எப்படி என்று கேட்டால், செய்யாதீர்கள் என்பேன். செய்துதான் ஆக வேண்டும் என்றால் நாங்கள் அன்று செய்ததைச் சொல்கிறேன். வேரருகே இருந்த வெடிப்பின் குறுக்கே ஒரு குச்சியைச் செருகினேன், இரு பக்கமும் மண்ணில் தட்டிநிற்கும்படி. வெடிப்பு இன்னும் அகன்றால் குச்சி உள்ளே விழும். குச்சியையும் மேட்டையும் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். மலையில் காற்று திடீரென்று வராது. மேட்டு மரங்களில் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் நம்மிடம் வரும். சத்தம் கேட்டதும் நான் கத்துவேன். உள்ளே யார் இருந்தாலும், கையில் தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே ஓடிவந்துவிட வேண்டும். காற்று கடந்ததும் மறுபடி உள்ளே.

எல்லோரும் கேட்டார்கள், பேச்சியம்மாளைத் தவிர. தட்டெல்லாம் போகும்வரை சூடு இறங்கக் கூடாது என்று அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. நான் கத்தினேன். சுருளியப்பன் கெஞ்சினார். மாயாண்டி போய்த் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"விடுண்ணே, தீ அணைஞ்சுரும்."

"அணையட்டும். எந் தீ எரியுதுல்ல, அங்க வந்து கெட."

வீரணன் முதல் ஆளாகத் தட்டைத் தூக்கித் தலையில் வைத்தவன். ஓடைக்குக் குறுக்கே பாலமாக ஒற்றை மரக்கட்டை கிடந்தது. மற்றவர்கள் தட்டை அந்தப் பக்க ஆளிடம் கை மாற்றினார்கள். அவன் மட்டும் தலையில் தட்டோடு அதன் மேல் நடந்து போய் வந்துகொண்டிருந்தான். தட்டுகளின் மேல் ஈரம் படாமல் உரச்சாக்கும் வாழையிலையும் மூடினோம். அங்கே மாயாண்டியின் மனைவி தங்கள் காய் இருந்த தட்டுகளை நெருக்கி, இடம் செய்து வைத்திருந்தாள். கடைசித் தட்டு போகும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. குச்சி விழவில்லை.

காலையில் போய்ப் பார்த்தோம். மரம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் நின்றது.

சுருளியப்பன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார், "நின்னுக்கிட்டுத்தான மேஸ்திரி இருக்கு."

"ஆமாண்ணே" என்றேன்.

இதை நீங்கள் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பயந்து செய்த ஏற்பாடு வீணாய்ப் போனது போலத்தான் பெரும்பாலும் தெரியும். மரம் விழுந்திருந்தால் எல்லோரும் நம்மைப் புகழ்ந்திருப்பார்கள். விழாத மரத்தைக் காட்டி ஒருவரும் நல்ல முடிவு என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காற்று ஒரு நாள் காலையில் ஓய்ந்தது. நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வீரணன் கையைக் கழுவிவிட்டு வடத்தை எடுத்துத் தோளில் போட்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முன்னால் நடந்தான், நாங்கள் பின்னால் போனோம்.

மேட்டுப் பக்கக் கொடிகளில் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது என்று சொன்னேன். வேலைக்கு இடைஞ்சல் என்று முதலில் கொடியை அறுத்துவிடுவது பலருக்கு வழக்கம். அன்று அப்படிச் செய்திருந்தால் மரம் எங்களுக்காகக் காத்திருக்காது. வீரணன் ஏறி, ஸ்டோர் பக்கத்துக் கிளைகளை நுனியிலிருந்து சிறிது சிறிதாகக் கழித்தான். ஒவ்வொன்றையும் வடத்தில் கட்டி இறக்கினோம். ஓடு ஒன்றுகூட உடையவில்லை. பெரிய கிளை ஒன்று கழன்று வந்தபோது மரம் பெருமூச்சு விட்ட மாதிரி ஓசை கேட்டது. மேலே அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். வேரருகே நின்ற நான் வெடிப்பைப் பார்த்தேன். பிளந்த மண் கொஞ்சம் மூடிக்கொண்டது. குச்சி வளைந்து, நடுவில் ஒடிந்து நிமிர்ந்தது. பாரம் போனதும் மரம் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

சுருளியப்பனுக்கு அந்த மரத்தையே எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. அவர் எழுதிக் கொடுத்ததன் பேரில் வனத்துறைக் காவலர் ஒருவர் முத்திரைச் சுத்தியலோடு மழையில் நடந்து வந்தார். மலையாளத்துக்காரர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேரை உதைத்துப் பார்த்தார். கிளையெல்லாம் போய் மேட்டுப் பக்கம் மட்டும் தலை வைத்திருந்த அயினியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"இது நிக்கட்டே. இனி வீழில்லா. நிங்ஙளுக்கு நெழலும் வேணுமல்லோ" என்றார்.

"மறுபடி சாஞ்சுதுன்னா?" என்றார் சுருளியப்பன்.

காவலர் எங்களைக் காட்டினார். "இவரு உண்டல்லோ."

அப்புறம் பல வருஷம் மழைக்கு முன்னால் போய் அந்த மரத்துக்குக் கவாத்து செய்தோம். ஸ்டோர் பக்கம் வரும் கொழுந்தை வளரவிடாமல் கிள்ளிவிடுவோம். அடியில் இருந்த ஏலச்செடிகளுக்கு வேண்டிய அளவு வெயில் விழுந்தது. அதை வெட்டிச் சாய்த்திருந்தால் மரக்கட்டை கிடைத்திருக்கும், சரிவு ஓடைக்குப் போயிருக்கும். எந்த மரமும் ஒரு தடவைதான் விழும் என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை.

காய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பச்சை மாறாமல் காய்ந்து வந்தது. முதலில் ஏற்றிய இரண்டொரு தட்டு மட்டும் கொஞ்சம் வெளுத்தது. அதைப் பேச்சியம்மாள் வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். கவாத்து முடிந்த அன்று எங்கள் செட்டுக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. நெல்லுச்சோறும் கோழிக்குழம்பும். மாயாண்டியும் வந்திருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நசுங்கின செடிக்கு யார் பதில் சொல்வது என்று சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். பேசாமல் இருந்த காலத்தில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள்.

இடையில் சுருளியப்பன் வீரணன் பக்கம் திரும்பினார். காற்று ஓய்ந்து, வேலை முடிந்து, பாயில் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் கேட்கக் கூடாத கேள்விதான்.

"ஏம்ப்பா, கேக்குறேன்னு கோவிக்காத. அன்னைக்கு மரத்துல என்ன பாத்த? ஏன் ஏறலன்ன?"

நான் தடுக்கப் பார்த்தேன். வீரணன் பரவாயில்லை என்று கையை அசைத்தான்.

"மரத்துல ஒண்ணும் இல்லண்ணே. மரம் அன்னைக்கும் ஏறுற மரந்தான்."

"அப்புறம்?"

"கால் நடுங்குச்சு. காலையில எந்திரிச்சதுலருந்து நடுங்குச்சு. தட்டத் தலையில வச்சப்புறந்தான் நின்னுச்சு. ஏன்னு தெரியல. அவ்வளவுதான்."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். நானும்தான். அவன் எதையோ பார்த்திருப்பான், எங்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுருளியப்பன் இலையில் கை வைத்தபடி அவனையே பார்த்தார். "ஒன் கால் நடுங்குச்சுன்னா நான் இவன் வாசல்ல போய் நின்னேன்?"

மாயாண்டி வாய்விட்டுச் சிரித்தார். பேச்சியம்மாள் குழம்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நேரே வீரணன் இலையருகில் குனிந்து, சட்டியின் அடியில் கிடந்த நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அவனுக்கு வைத்தாள்.

"அந்தக் காலு நல்லா இருக்கட்டும்" என்றாள்.